இரண்டரை நொடிப் பயணம்

திங்கட்கிழமை காலை மீட்டிங். முடியப்போகும் நேரத்தில் மேலாளர் கேட்கிறார்: “புது ப்ராஜெக்ட் ஒண்ணு வருது. யார் லீட் பண்றீங்க?” மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். அதில் நீங்களும் ஒருவர். நாலு வருடமாக இந்த வேலையின் நெளிவுசுளிவெல்லாம் தெரிந்த பெண். பதில் நுனிநாக்கில் நிற்கிறது: “இந்த ப்ராஜெக்ட்ட நான் எடுத்துப் பண்றேன்.”

எண்ணிப் பாருங்கள், பதினோரு அசைகள். சாதாரணப் பேச்சில் நொடிக்கு நாலைந்து அசை ஓடும். ஆக, இரண்டரை நொடி வேலை. ஒரு மூச்சை இழுத்து விட ஆகும் நேரத்தில் பாதிதான். “தைரியமாப் பேசும்மா” என்று அறிவுரை சொல்கிறவர்கள், தைரியம் ஏதோ பிறவிக் குணம் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த இரண்டரை நொடியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தால், உள்ளே ஒரு தொழிற்சாலையே ஓடுகிறது. அதன் சில சக்கரங்கள் உங்கள் உடம்பில். சில, கேட்கிறவர்களின் மூளையில். சில, அந்த அறையின் வழக்கத்தில். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் சக்கரம், வாய் திறப்பதற்கு முன்பே சுழலத் தொடங்கிவிடுகிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல இரண்டு அட்ரினல் சுரப்பிகள். ஒன்றின் எடை, ஒரு சின்னக் கரண்டி சர்க்கரை அளவு. அவை அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. தெருநாய் துரத்தும்போது ஓடுவதற்கு உடம்பு செய்யும் அதே ஏற்பாடு. இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. ஓடப்போகிறவருக்கு எச்சில் எதற்கு? செரிமான இலாகாவைத் தற்காலிகமாக மூடிவிடுகிறது உடம்பு. மேலாளரின் கேள்விக்கும் தெருநாய்க்கும் அதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இந்தப் படபடப்பை அடக்கியாக வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு, கதையைத் திருப்பிப் போட்டது. மேடையேறும் முன் சிலரை “நான் அமைதியாக இருக்கிறேன்” என்று சொல்ல வைத்தார். சிலரை “நான் உற்சாகமாக இருக்கிறேன்” என்று சொல்ல வைத்தார். இரண்டாவது கூட்டத்தின் பேச்சுதான் எடுபட்டது. காரணம் எளிது. பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பு போடும் தாளம் ஒன்றே. ஓடும் வண்டியை நிறுத்துவது கடினம். ஓடுகிற வேகத்திலேயே வேறு பாதைக்குத் திருப்புவது சுலபம்.

வண்டிக்கு பிரேக்கும் உண்டு. அதன் பெயர் வேகஸ் நரம்பு. லத்தீனில் ‘அலைந்து திரிவது’ என்று பொருள். மூளையின் அடியில் புறப்பட்டு, கழுத்து, இதயம், நுரையீரல், வயிறு என்று ஊர் சுற்றுவதால் அந்தப் பெயர். இதயத்தின் வேகத்தைக் குறைப்பது அதன் வேலைகளில் ஒன்று. மூச்சை உள்ளே இழுக்கும்போது இந்த பிரேக் சற்றுத் தளர்கிறது. இதயம் கொஞ்சம் விரைகிறது. மூச்சை வெளியே விடும்போது பிரேக் அழுந்துகிறது, இதயம் நிதானிக்கிறது. மணிக்கட்டில் விரலை வைத்து, மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். பலருக்கு விரல்நுனியிலேயே தெரியும். ‘நல்லா மூச்சை இழு’ என்பார்கள். உண்மையில் நிதானம் வருவது, நீளமாக வெளியே விடும்போது.

வியப்பு அதோடு முடியவில்லை. குரல்வளைத் தசைகளை இயக்குவதும் இதே வேகஸின் கிளைகள்தான். அதில் இடப்பக்கக் கிளையின் பாதையைக் கேட்டால் சிரிப்பு வரும். மூளையிலிருந்து நேராகத் தொண்டைக்கு வராமல், நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறித் தொண்டைக்கு வருகிறது. தாம்பரத்திலிருந்து கிண்டி போக, செங்கல்பட்டு வரை போய்த் திரும்புவது மாதிரி. ஒட்டகச்சிவிங்கிக்கு இந்தச் சுற்று சில மீட்டர் நீளம். ஆக, இதயத்தை நிதானப்படுத்துவதும் குரலைச் செலுத்துவதும் ஒரே நரம்பின் குடும்பம். ‘நெஞ்சு அடைத்துப் பேச்சு வரவில்லை’ என்று சொன்னவர்கள் உடற்கூறு படித்தவர்கள் அல்ல. ஆனாலும் அவர்கள் கைகாட்டிய இடம் சரி.

இப்போது காற்று மேலேறுகிறது. சும்மா இருக்கும்போது மூச்சை இழுக்கும் நேரமும் விடும் நேரமும் ஏறக்குறைய நாலுக்கு ஆறு என்ற கணக்கு. பேசத் தொடங்கினால் அது ஒன்றுக்கு ஒன்பதாகிவிடுகிறது. சட்டென ஒரு சிறு இழுப்பு, பிறகு சிக்கனமாக, நீளமாக ஒரு செலவு. அந்தக் காற்றின் வழியில் இரண்டு குரல் மடிப்புகள். பெண்களுக்கு அவற்றின் நீளம் ஒன்றேகால், ஒன்றரை சென்டிமீட்டர். சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிது. நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை அவை மோதிப் பிரிகின்றன. ஆண்களுக்கு மடிப்புகள் நீளம். வேகம் நொடிக்கு 120 போல. உங்கள் பதினோரு அசை வெளியே வருவதற்குள் அந்தப் பொத்தான் அளவுத் தசை நானூறு தடவைக்கு மேல் கைதட்டியிருக்கும். பதற்றத்தில் மடிப்பை இழுக்கும் தசை இறுகினால், வீணைத் தந்தியை முறுக்கியது போலச் சுருதி ஏறும். குரல் கீச்சிடுவதற்குக் காரணம், ஓர் இறுகிய தசை. அவ்வளவுதான்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் செலவாகும் சக்தி எவ்வளவு தெரியுமா? சாதாரணப் பேச்சில் ஒலியாக வெளியேறுவது, ஒரு வாட்டில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு. வீட்டில் எரியும் 9 வாட் எல்.ஈ.டி. பல்புக்கு இணையான ஒலிசக்தி வேண்டுமென்றால், 9 லட்சம் பேர் ஒரே நேரத்தில் பேச வேண்டும். இந்தத் துளி சக்தியை வைத்துத்தான் பதவி உயர்வு கேட்கிறோம், பட்ஜெட்டை வாதாடி வாங்குகிறோம்.

“என் குரல் நடுங்குவது எல்லாருக்கும் தெரியுமே” என்ற கவலை இருக்கும். இங்கே மூளை நம்மை ஏமாற்றுகிறது. நம் படபடப்பை நாம் உள்ளிருந்து கேட்கிறோம். அதே சத்தத்தில் வெளியேயும் கேட்கும் என்று நம்பிவிடுகிறோம். உளவியலில் இதை ‘ஒளிவுமறைவின்மை மயக்கம்’ எனலாம்; மனசு கண்ணாடியாகிவிட்டது என்ற பிரமை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2003இல் வெளிவந்த சோதனையில், பேசப்போகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் முன்கூட்டியே இந்த உண்மையைச் சொன்னார்கள்: உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது. அதைக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். மருந்தில்லை, பயிற்சியில்லை, ஒரு தகவலே வேலை செய்தது. இந்தப் பத்தியைப் படித்ததும் உங்களுக்கும் ஒரு வேளை மருந்து உள்ளே போயாயிற்று.

சரி, உடம்பு தயார். இனி அறை. இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத பெரிய போட்டி நடக்கிறது. 2009இல் டான்யா ஸ்டைவர்ஸ் தலைமையிலான குழு, உலகின் பல மூலைகளிலிருந்து பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்தது. ஒருவர் கேள்வியை முடித்து அடுத்தவர் பதிலைத் தொடங்கும் இடைவெளி, சராசரியாக 200 மில்லி நொடி. அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரம். நம் இலக்கண நூலோர் மாத்திரைக்கு இமைப்பொழுதை அளவாக வைத்தது நினைவுக்கு வருகிறதா? விசித்திரம் என்னவென்றால், ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்து வாய்க்கு அனுப்பவே மூளைக்கு 600 மில்லி நொடி தேவை. 600 தேவைப்படும் வேலையை 200இல் முடிப்பது எப்படி? எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று கணித்து, பதிலை அடுப்பில் ஏற்றிவிடுகிறோம். ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் கூடவே நாலடி ஓடுவதுபோல.

மரியாதை கருதி, அறை முழுக்க அமைதியாகட்டும் என்று காத்திருப்பவருக்கு வாய்ப்பு வராத ரகசியம் இதுதான். அந்த அமைதி இமைப்பொழுதில் வந்து போய்விடுகிறது. பழகியவர்கள் ‘அதாவது’, ‘ஆமா, அதுல…’ என்று ஒரு சொல்லைத் துண்டுபோல வீசி இடம் பிடிக்கிறார்கள். சொல்ல வந்ததைப் பிறகு யோசிக்கிறார்கள். பேருந்து இருக்கையில் கைக்குட்டை போடுகிற அதே உத்தி.

இடம் பிடித்தாலும் பேச்சை முடிக்க விடுவார்களா? அதில் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் குரலைத் தாழ்த்துவதற்கென்றே பயிற்சி எடுத்தவர், அதிகாரத்துக்குப் பஞ்சமில்லாதவர். ஆனாலும் பேட்டிகளில் அவர் பேச்சில் அடிக்கடி குறுக்கிட்டார்கள். ஏன்? ஜெஃப்ரி பீட்டியும் சகாக்களும் அவருடைய தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றை அலசி, 1982இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் விடையை வெளியிட்டார்கள். வாக்கியத்தின் நடுவிலேயே சில இடங்களில் அவர் சுருதி சரேலென்று இறங்கியது. பேச்சு முடிந்தது என்பதற்குக் கேட்பவர் மூளை எதிர்பார்க்கும் சமிக்ஞை அது. பேட்டியாளர் ‘முடித்துவிட்டார்’ என்று உள்ளே நுழைந்தார், அவரோ முடிக்கவில்லை. சுருதியின் இறக்கம் ஒரு முற்றுப்புள்ளி. அதை எங்கே வைக்கிறோம் என்பதைக் காதுகள் கவனித்துக்கொண்டே இருக்கின்றன.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். “அடுத்த மாசத்துக்குள்ள இத முடிக்க…” என்ற இடத்தில் யாராவது புகுந்தால், முடியுமா முடியாதா என்பதே அந்தரத்தில் நின்றுவிடும். உங்கள் பதினோரு அசையைப் பாருங்கள். செய்வாரா மாட்டாரா என்ற உயிர் முழுவதும் கடைசி ‘றேன்’ ஒன்றில் இருக்கிறது. அதற்கு முன் வெட்டினால் வாக்கியம் அச்சாணியில்லாத தேர். நல்லவேளை, பேச்சுத் தமிழ் ஒரு மாற்றுவழி வைத்திருக்கிறது. “நான் பண்றேன், இந்த ப்ராஜெக்ட்ட.” வினை முன்னால் வந்துவிட்டது. முதல் மூன்று அசையில், ஒரு நொடிக்குள், சொல்ல வேண்டியது சொல்லியாயிற்று. இனி யார் குறுக்கிட்டால் என்ன?

அந்தக் கடைசி அசையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. “பண்ணேன்” என்றால் ஒருவர். “பண்ணோம்” என்றால் ஒரு கூட்டம். “பண்ணியாச்சு” என்றால் ஆளே இல்லை, வேலை தானாக நடந்துவிட்டது. இரவெல்லாம் விழித்து அறிக்கை தயாரித்துவிட்டு “முடிச்சாச்சு சார்” என்கிறபோது, இலக்கணமே உங்கள் பெயரை அழித்துவிடுகிறது. மனித நினைவாற்றலும் இதற்குத் துணைபோகிறது. ‘என்ன சொல்லப்பட்டது’ என்பது எளிதில் பதியும். ‘யார் சொன்னது’ என்பது சீக்கிரம் கழன்றுவிடும். பத்து மணிக்கு நீங்கள் சொன்ன யோசனையைப் பத்தரைக்கு இன்னொருவர் தன்னுடையதாகவே நம்பிச் சொல்வது இப்படித்தான். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் இதற்கு ஒரு பசை கண்டுபிடித்தார்கள். ஒருவர் நல்ல கருத்துச் சொன்னால், இன்னொரு பெண் அதைத் திரும்பச் சொல்லி, சொன்னவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார். கருத்தும் பெயரும் ஒட்டிக்கொண்டன.

மீட்டிங் போனிலோ இணையவழியிலோ என்றால் இயந்திரங்களும் ஆட்டத்தில் சேர்கின்றன. பழைய தொலைபேசி இணைப்பு, 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும். ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. உங்கள் குரலின் அடிப்படைச் சுருதியோ 200. அது கம்பிக்குள் போகவே இல்லை! மேலடுக்கு ஒலிகளை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்பவரின் மூளை அந்த 200ஐத் தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. அடிப்பக்கத்தை மூளை சமாளித்துவிடும். மேல்பக்கம் வெட்டுப்பட்டதைச் சமாளிக்க முடியாது. ‘ஸ்’ என்ற ஒலியின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. பெண்களுக்கு அது இன்னும் உயரே. அதனால்தான் போனில் “எஸ் ஃபார் சுகர்” என்று விளக்க வேண்டியிருக்கிறது. குரல் தெளிவில்லை என்ற பழியைச் சில சமயம் கம்பிதான் ஏற்க வேண்டும்.

தாமதமும் உண்டு. நல்ல இணைப்பில் ஒலி ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. போக வர 300. இமைப்பொழுது இடைவெளிக்குப் பழகிய மூளைக்கு இது குழப்பம். இருவர் ஒரே நேரத்தில் தொடங்கி, “நீங்க சொல்லுங்க”, “இல்ல, நீங்க சொல்லுங்க” என்று விட்டுக்கொடுப்பதில் மரியாதை மிகுந்தவர் மௌனமாகிறார். திரையில் கை உயர்த்தும் பொத்தான் வெறும் அலங்காரமல்ல. இழந்த 200 மில்லி நொடியை மீட்டுத் தரும் கருவி.

இவ்வளவு நுணுக்கம் இருக்க, பயிற்சி வகுப்புகளில் இன்னும் உலவும் ஒரு கணக்கைக் கேட்டிருப்பீர்கள்: பேச்சின் தாக்கத்தில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967ஆம் ஆண்டுச் சோதனைகளில் முளைத்த எண்கள் இவை. ஒற்றைச் சொல், அதைச் சொன்ன தொனி, முகபாவம் ஆகியவை முரண்படும்போது சொன்னவரின் விருப்பு வெறுப்பை எதை வைத்து எடைபோடுகிறோம் என்பதே அங்கே கேள்வி. பட்ஜெட் விளக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடம்பை விரித்து வீரமான தோரணையில் இருந்தால் ஹார்மோன் மாறும் என்ற 2010ஆம் ஆண்டு ஆய்வையும், 2015இல் சுமார் 200 பேரிடம் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஹார்மோன் அசையவில்லை. சொல்லுக்குச் சொல்லின் மதிப்பு இருக்கிறது.

ஒரு சொல்லின் மதிப்பை ரூபாயிலும் போட்டுப் பார்க்கலாம். வேலையில் சேரும்போது ஒருவர் கொடுத்த 30,000ஐ வாங்கிக்கொள்கிறார். இன்னொருவர், “33,000 எதிர்பார்க்கிறேன்” என்று சொல்லிப் பெறுகிறார். இருவருக்கும் வருடம் 8 சதவீத உயர்வு. முதல் மாதம் வித்தியாசம் 3,000. முப்பதாவது வருடம் அது மாதம் 28,000ஐத் தொடும். மொத்தமாகக் கூட்டினால் 40 லட்சத்துக்கு மேல். ஒரு வாக்கியத்தின் விலை, புறநகரில் ஒரு சின்ன வீடு! ஆனால் கேட்பதற்கும் விலை உண்டு. ஹானா ரைலி பவுல்ஸும் லிண்டா பாப்காக்கும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் சம்பளம் கேட்ட பெண்களை, அதையே கேட்ட ஆண்களைவிடக் கடுமையாக மதிப்பிட்டார்கள். பேசுகிறவரின் தொண்டையைச் சரிசெய்வதால் மட்டும் தீராத சிக்கல் இது. கேட்கிறவரின் காதும் ஓர் உறுப்புதான்.

அந்தக் காதை அளந்த சிறந்த ஆய்வுக்கூடம், அமெரிக்க உச்ச நீதிமன்றம். அங்கே நடக்கும் வாதங்கள் சொல்லுக்குச் சொல் பதிவாகின்றன. டோன்ஜா ஜேகோபியும் டிலன் ஷ்வியர்ஸும் அவற்றை எண்ணி 2017இல் வெளியிட்டார்கள். 1990ஆம் ஆண்டு அமர்வில் ஒன்பது நீதிபதிகளில் பெண் ஒருவரே. நீதிபதிகள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்மீது. 2015இல் பெண்கள் மூவர். அவர்கள்மீது மூன்றில் இரண்டு பங்கு. நீதித்துறையின் உச்சப் பதவிக்கு வந்த பிறகும் இந்த நிலை. காலப்போக்கில் அந்தப் பெண் நீதிபதிகள் ‘மன்னிக்கவும்’, ‘ஒன்று கேட்கலாமா’ போன்ற முன்னுரைகளைக் குறைத்துக்கொண்டு நேராகக் கேள்விக்கு வந்தார்கள் என்பதையும் ஆய்வு காட்டியது. அந்த முன்னுரைதான் குறுக்கிடுகிறவர் நுழையும் வாசல்.

பிறகு நடந்தது இன்னும் சுவை. 2021 அக்டோபரில் நீதிமன்றம் தன் வழக்கத்தையே மாற்றியது. ஒவ்வொரு வழக்கறிஞரின் நேரம் முடிந்ததும், பணிமூப்புப்படி நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க முறை வரும். குறுக்கீடு பற்றிய ஆய்வுகளும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டமேயரே பொதுவில் சொன்னார். பத்து நாடுகளில் சுமார் 250 கருத்தரங்குகளை எண்ணிப் பார்த்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதே திசையில் கைகாட்டுகிறது: முதல் கேள்வியை ஆண் கேட்டால், அதன் பிறகு பெண்கள் கேட்கும் கேள்விகள் குறைந்துவிடுகின்றன. முதல் வாய்ப்பை யாருக்குத் தருவது என்பது, கூட்டத்தை நடத்துகிறவர் கையில் இருக்கும் சின்ன விசை.

மறுபடி திங்கட்கிழமை அறைக்கு வருவோம். “யார் லீட் பண்றீங்க?” கேள்வி இன்னும் முடியவில்லை, ‘பண்றீங்க’வின் கடைசி ஒலி நீள்கிறது. நீங்கள் மூச்சை நீளமாக விட்டாயிற்று. நெஞ்சைச் சுற்றி வந்த நரம்பு குரல்வளையைத் தொட்டாயிற்று. பொத்தான் அளவு மடிப்புகள் நெருங்கி நிற்கின்றன. இன்னும் 200 மில்லி நொடி.

“நான் பண்றேன்.”

மூன்று அசை. மினிட்ஸ் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உங்கள் பெயரை எழுதிக்கொள்கிறார்.